பட்டனை யார் அழிப்பது?

தஞ்சாவூர் ஜில்லாவின் பயம் மொத்தத்தையும் ஒரே ஆளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அவர்தான் எங்கள் ஆபீஸ் ‘எதுக்கும்’ சார். "எதுக்கும் ஒரு தடவ பாத்துடுப்பா" என்றுதான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பார். லிஃப்ட்டில் ஏற மாட்டார். பூட்டிய பைக்கை மறுபடி தாம்புக்கயிற்றால் தூணில் கட்டுவார். சாம்பாரில் மிதப்பது கறிவேப்பிலைதானா என்று பக்கத்து இலைக்காரரிடம் சாட்சி கேட்டுவிட்டுத்தான் பிசைவார்.

அப்பேர்ப்பட்டவர் எழுதியதுதான் கம்பெனியின் ஒரே சொத்து: கம்ப்யூட்டர் திரையில் பட்டன், பெட்டி, பட்டியல் எல்லாம் வரைந்து கொடுக்கும் ஒரு ஃப்ரேம்வொர்க். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியிருந்தார். அரிசி ஆலை மெஷின் செய்கிற வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "எங்க பசங்களுக்குப் பைத்தானும் ஜாவாவும்தாங்க தெரியும். அதுலேர்ந்தே இது ஓடணும்" என்றார். அந்த ஆர்டர் போனால் ஆபீசுக்குப் பூட்டு. எட்டுப் பேரும் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கோ கல்யாணமாகி மூன்றே மாதம். மனைவிக்கு இங்கே பள்ளிக்கூட வேலை.

பைத்தான் பக்கம் என் பொறுப்பு. எதுக்கும் சாருக்கு ஒரே கிலி.

"எதுக்கும் கேக்குறேன், வேலை முடிஞ்ச பட்டனை யாருப்பா அழிக்கிறது? உன் பைத்தானா, என் சி பிளஸ் பிளஸ்ஸா?"

"யாரோ ஒருத்தர் அழிச்சாப் போச்சு சார்."

"ஐயய்யோ! யாரும் அழிக்கலன்னா மெமரி நெரம்பி மூச்சு முட்டும். ரெண்டு பேரும் அழிச்சா புரோகிராமே அடியோட படுத்துடும். உருவாக்குனவன்தான் அழிக்கணும், ஆமா!"

ஒவ்வொரு பட்டனுக்கும் அழிப்பவர் யாரென்று நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வேறு வாங்கினார். படிக்காமலே போட்டுக் கொடுத்தேன்.

நான் கீழ்வேளூர்க்காரன். எங்கள் பக்கம் வரப்பில் போகிறவன், நிரம்பிய வயலில் மடை திறந்து கிடந்தால், யார் வயலென்று பார்க்காமல் அடைத்துவிட்டுப் போவான். அந்தப் புத்தி எங்கே போகும்? திரையில் ஜன்னலை மூடியபின் அவருடைய பட்டன்கள் சும்மா கிடக்குமே, ஒரு உபகாரமாக இருக்கட்டும் என்று, என் பக்கத்திலும் அவற்றை அழிக்க எழுதிவைத்தேன்.

வாடிக்கையாளர் பார்க்க வந்த அன்று எல்லாம் ஜோராக ஓடியது. அவர் ஜன்னலை மூடினார். அவ்வளவுதான், புரோகிராம் செத்து விழுந்தது. மறுபடி ஓட்டினோம், மறுபடி விழுந்தது.

"யாரு செஞ்ச வேலைங்க இது?"

ரெண்டு பக்கமும் அழித்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலாளி என்னைத்தான் பார்த்தார். அப்போது, கரப்பான்பூச்சிக்கே ஒதுங்கி வழிவிடும் எதுக்கும் சார் எழுந்தார்.

"நான்தாங்க. தப்பு என்னுது. அரை மணி நேரம் குடுங்க."

விரல் நடுங்கியதில் அவரால் ஒரு எழுத்துகூட அடிக்க முடியவில்லை. "நீ அடிப்பா" என்று கிசுகிசுத்தார். அவர் சொல்லச் சொல்ல, என் உபகார வரிகளைத் தேடித் தேடி எடுத்தேன். வாடிக்கையாளர் ஜன்னலை இருபது தடவை திறந்து மூடினார். விழவில்லை. ஆர்டர் கிடைத்தது.

மாடிப்படியில் கேட்டேன். "ஏன் சார் உங்க மேல போட்டுக்கிட்டீங்க? பயமா இல்லையா?"

"உசுரே போயிடுச்சுப்பா. ஆனா பழி உன் மேல விழுந்தா உன்னத்தான் மொதல்ல வேலைய விட்டு அனுப்புவாங்க. அந்தப் பொண்ண இங்க விட்டுட்டு நீ எங்கயோ தனியா கெடக்கணும். அத நெனச்சா இன்னும் பயமா இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்தேன். ஜில்லென்று, இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் படி வரும்வரை நான் விடவில்லை.