மாத்தளைத் துறைமுகத்து மாலுமி

மலைகளுக்கு நடுவே பிறந்து, கடலைக் காலண்டரில் மட்டும் கண்டு, குளிக்கும்போதுகூடக் கிணற்றிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டு, கடற்பயணம் பற்றி மட்டும் ஓயாமல் பேசும் ஓர் இனம் உண்டு. கரைமாலுமி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். செதிள் கிடையாது. ஆனால் வாய் மீனைப் போலவே எந்நேரமும் திறந்து திறந்து மூடும்.

நல்ல மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமா? எங்கள் மாத்தளையில், திருகோணமலை வீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் மீராசாஹிபிடம் போங்கள். கடைச் சுவரில் ஒரு வெளிநாட்டுக் காலண்டர் தொங்கும். ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது, படம் முடியவில்லை. வெள்ளை வெளேரென்று ஓர் உல்லாசப் படகு, அதில் காலை நீட்டிப் படுத்திருக்கும் ஒரு துரை, பின்னால் சிதறிக் கிடக்கும் தீவுகள். அதைப் போலவே ஒரு படகை வாடகைக்கு எடுத்து, புத்தளத்தில் ஏறி, எருமைத்தீவு, இப்பந்தீவு, பத்தலங்குண்டு என்று தீவு தீவாக இறங்கிக் குடும்பங்களோடு உலாவி வருவது அவருடைய திட்டம்.

போனாரா? அவசரப்படாதீர்கள். கரைமாலுமி போவதற்காகத் திட்டம் போடுபவன் அல்லன். திட்டம் போடுவதற்காகவே போகாமல் இருப்பவன்.

எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் விருந்தென்றால் ஆறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாய்ச் சாப்பிடுவார்கள். அதுதான் சஹன். கல்யாணத்தையே சஹன் கணக்கில் அளந்து பழகிய மீராசாஹிப் கடலையும் அப்படியே அளந்தார். படகின் வலப்பக்கம் ஆண்கள் சஹன் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, நடுவில் பெண்கள் சஹன். ஒரு சஹனில் ஓராள் குறைந்தாலும் படகு சரிந்துவிடுமாம். இதை நிரூபிக்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்ததும் அவர் வீட்டு முன்கூடத்தில் ஒத்திகை நடந்தது. பாய்தான் படகு. சோறும் இறைச்சியும் மட்டும் உண்மை. பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த அரிசியெல்லாம் கப்பலேறிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்து இறைச்சி நன்றாக வெந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இரத்தோட்டைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நல்லையாவும் இந்தக் கப்பலில் உண்டு. சஹனில் கைவைத்துப் பழக்கமில்லாத அவருக்கு முனையில் தனி வாழையிலை. அந்த இலைக்கு நங்கூரம் என்று பெயர்.

"ஏன் மொதலாளி, அலையடிச்சா சோறு எங்கங்க போகும்?" என்று கேட்டார் நல்லையா.

"அதுக்குத்தானே ஒத்திகை. நீங்க சாப்பிடுங்க."

நல்லையா சாப்பிட்டார். கடல் அமைதியாகவே இருந்தது.

இத்தனை பேருக்கும் சமைத்தவள் மீராசாஹிபின் மனைவி ஹமீமா. அவளுடைய ஒரே தங்கை நூருன்னிஸா கடலோரக் கற்பிட்டியில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிள்ளைக்குக் காத்திருந்தாள். தாய் இல்லாத பெண். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று ஹமீமா வாக்குக் கொடுத்திருந்தாள்.

"இஞ்ச பாருங்க, தங்கச்சிக்கு நாள் கிட்டிட்டு. என்னயக் கொண்டுபோய் பஸ்ஸுல ஏத்தி விடுங்களே" என்றாள் ஹமீமா.

"பஸ்ஸுலயா? மூட்ட மாதிரிக் குலுங்கிக் குலுங்கியா? எல்லாத் தீவையும் காட்டி, கடல் வழியா கொண்டுபோய் தங்கச்சிட வாசல்ல எறக்குறேன். பொம்புள சஹனுக்கு ஒராள்தான் குறையுது. கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன். புள்ள பொறுக்குமா?"

பெண்கள் சஹனுக்கு ஐந்து பேர் சேர்ந்திருந்தார்கள். ஹமீமாவும் அயல்வீட்டு நோனா மாமியும் அதில் அடக்கம். ஆறாவது ஆளுக்காக ஊரே சலிக்கப்பட்டது. ஒருத்திக்குத் தண்ணீரைக் கண்டால் தலைசுற்றும். இன்னொருத்தி வரச் சம்மதித்தாள், ஆனால் நோனா மாமியோடு ஒரே சஹனில் கைவைக்க மாட்டாளாம். பக்கத்துக் கடைத் தையல்காரர் ஜவாஹிர், தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்கிவிட்டால் கடலில் இறங்க ஏலாது என்று ஒரு பேச்சை எடுத்தார். உடனே அதை ஆராய அடுத்த வெள்ளிக்கு ஒரு விசேஷ ஒத்திகை வைக்கப்பட்டது. காற்றை ஆராய ஒரு ஆட்டுக்கால் கூடுதலாக வேண்டுமல்லவா?

அந்த வெள்ளியும் வந்தது. பசியோடு மாலுமிகள் வந்து சேர்ந்தார்கள். பாய் விரித்திருக்கவில்லை. அடுப்பில் பூனை படுத்திருந்தது.

கடைசியாக வந்த ஜவாஹிர்தான் செய்தி சொன்னார்.

"மச்சான், மச்சியும் நோனா மாமியும் காலையில குருநாகல் பஸ்ஸுல ஏறிட்டாங்க. புத்தளத்துல மாறிப் போவாங்களாம். ஒங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க."

"அப்படி என்ன அவசரம்?"

"தந்தி வந்தீக்கி. நூருன்னிஸாவுக்கு நேத்தே புள்ள கெடச்சிட்டாம். பெத்தெடுக்கக்குள்ள அயலாள் ஒருத்திதான் கையப் புடிச்சிக்கிட்டு இருந்தீக்கிறா. மச்சி அழுதுக்கிட்டேதான் ஏறினாங்க."

மீராசாஹிப் தலையைக் குனிந்துகொண்டு விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். எங்களுக்கே பாவமாகிவிட்டது. நல்லையா தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லப் போனார். அப்போது மாலுமி நிமிர்ந்தார்.

"அப்ப, பொம்புள சஹனுக்கு இனி மூணு பேர் குறையுது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் ஒருத்தி ஓரிடத்துக்குப் போகவேண்டும் என்று எப்போதோ கேட்டிருப்பாள். போவோம், ஆனால் சும்மா போகக்கூடாது, நன்றாகப் போகவேண்டும் என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இல்லை என்கிறீர்களா? நல்லது. எதற்கும் ஒருமுறை எழுந்துபோய் அடுப்படியை எட்டிப் பாருங்கள். பூனை எங்கே படுத்திருக்கிறது?