சிடி பிளேயருக்கு ஒரு சிட்டிகை

இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனாலும் சரி, மத்தியானம் தூங்கியே தீருவது என்று தசரதன் சபதம் எடுத்தான்.

பாவம், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. தங்கச் சுரங்கமான மைன்ஸ் மூடும்வரை, அதற்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு ஃபிட்டர். இப்போது பெங்களூர் அடுக்குமாடிகளில் லிஃப்டுக்கு ஃபிட்டர். வாரம் பூராவும் விடியுமுன்னே கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் பிடித்து, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புகிற மனுஷன். ஞாயிறு ஒருநாள் கறிக்குழம்பை ஒரு கை பார்த்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால், அதற்கும் வேட்டு வைக்க வந்தது கோலாட்டம்.

புத்த பூர்ணிமாவுக்கு, மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாய்க் கட்டிக்கொடுத்த லைன் வீட்டுப் பெண்கள் ஆடப்போகிறார்களாம். தலைவி வேறு யார், அவன் பெண்டாட்டி சங்கமித்ராதான். ஒத்திகை அவன் வீட்டு முன்னறையில். பாட்டு அவன் வீட்டு சிடி பிளேயரில். போதாக்குறைக்கு ஜோடிக்கு ஓர் ஆள் குறைந்தது. எதிரே தட்ட ஆள் இல்லாத பழனியம்மா, கொஞ்சமும் யோசிக்காமல் இரும்பு பீரோவைத் தட்டுவாள். அந்த பீரோவுக்குப் பின்னால்தான் தசரதனின் கட்டில். அவன் எங்கே தூங்க?

காலையில் சங்கமித்ரா கறி வாங்கக் கிளம்பினாள். அவள் தெருமுனை தாண்டியதும் ஐயா வேலையில் இறங்கினார். மைன்ஸ் கழிவு மேட்டிலிருந்து காற்றில் வரும் வெள்ளைத் தூள் அந்த ஊரில் எந்த ஜன்னலையும் விட்டுவைப்பதில்லை. ஜன்னல் கட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தான். பிளேயரின் மூடியைத் திறந்து லென்ஸ்மேல் தூவினான். மூடினான். ஒன்றும் தெரியாத பிள்ளையாகப் பேப்பர் படிக்க உட்கார்ந்தான்.

மத்தியானம் பெண்கள் கோலும் கையுமாக வந்தார்கள். பாட்டு கிளம்பியது. "வலமாய் வாரீர்" என்ற இடத்தில் விக்கியது. "வலமாய், வலமாய், வலமாய்" என்றது. பெண்களும் வலப்பக்கமே சுற்றினார்கள். அது விடவில்லை. இவர்களும் விடவில்லை. பழனியம்மா தலை கிறுகிறுத்துப்போய் பீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, இது இப்படி விக்குது?" என்றாள் சங்கமித்ரா.

"லென்ஸ் அவுட்டுமே," என்றான் தசரதன், துக்க வீட்டுக் குரலில். "இனி தேறாது. பழனியம்மாக்கா வீட்ல புது செட்டு கீது. ஒத்திகையை அங்க வெச்சுக்குங்க."

"அப்படியா? எதுக்கும் நோயல் அண்ணனைக் கூப்புட்டுத் தொறந்து பாக்கச் சொல்றேன்."

தசரதன் பிளேயரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நோயல் அவனோடு மைன்ஸில் வேலை பார்த்தவன், இப்போதும் அதே ரயிலில் வருகிறவன். திறந்தால் தூளைப் பார்ப்பான். பார்த்தால் நாளைக்கு ரயில் பெட்டி முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.

"நோயலா! டார்ச்சுக்கு பேட்டரி போடவே அவனுக்கு ஒரு ஹெல்ப்பர் வேணும்மே! நான் கேஜையே தூக்கி நிறுத்தினவன். இது ஜுஜுபி. ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டா."

"இப்பதானே தேறாதுன்னீங்க?"

"டாக்டருங்க மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

ஒரு துடைப்புத் துடைத்தால் முடிகிற வேலை. அவன் விடுவானா? நாலு ஸ்க்ரூவைக் கழற்றினான். காதை வைத்துக் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான். பெண்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லென்ஸைத் துடைத்தான். பெண்கள் வாயைப் பிளந்து நிற்கவே, ஐயாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மைன்ஸ்ல கேஜை ரிப்பேர் பண்ணிட்டு அப்படியே விட்டுட்டுப் போவ முடியாது. பண்ணவனே மொத ட்ரிப்ல ஏறி அடி லெவல் வரைக்கும் எறங்கிக் காட்டணும். அப்புறம்தான் மத்தவங்க கால் வெப்பாங்க. நான் ஒரு தபா கூடப் பின்வாங்கல."

"அடேங்கப்பா!" என்றாள் பழனியம்மா.

"அது கேஜுக்கு மட்டுமா? எல்லா ரிப்பேருக்குமாங்க?" என்று சங்கமித்ரா வெகு பவ்யமாகக் கேட்டாள்.

"எல்லாத்துக்கும்தான்! ஃபிட்டர்னா அதுதான் மரியாதை!"

மூடி போட்டான். பாட்டு தேனாக ஓடியது. கைதட்டல் பறந்தது. சரி, தூக்கம் போனாலும் மானம் தப்பியது, காதில் பஞ்சை வைத்துக்கொண்டாவது படுப்போம் என்று எழுந்தான். எதிரே சங்கமித்ரா இரண்டு கோலோடு நின்றாள்.

"எங்க போறீங்க? மொத ட்ரிப்பு யாரு ஏறுவா?"

"இன்னாது?"

"ரிப்பேர் பண்ணவர்தானே மொதல்ல எறங்கணும்? பழனியம்மாக்காவுக்கு ஜோடி இல்ல. போய் நில்லுங்க."

"ஆமா தம்பி, நீங்க ஏறினாத்தான் நாங்க ஏறுவோம்," என்று பெண்கள் கோரஸாகச் சொன்னார்கள்.

"வேணாம்மே, மானம் போவுது," என்று அவன் அவள் காதில் கெஞ்சினான்.

"காலையில பையை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். ஜன்னல்ல நீங்க தூள் எடுத்தப்பவே பாத்துட்டேன்," என்று அவளும் காதிலேயே சொன்னாள். "அப்பவே முடிவு பண்ணேன், ஜோடிக்கு ஆள் கெடச்சாச்சுன்னு. ஆடறீங்களா, நோயல் அண்ணன்கிட்ட சொல்லட்டா?"

தசரதன் கோலை வாங்கினான். வலமாய் வந்தான். இத்தனை நாள் இரும்பைத் தட்டிப் பழகிய பழனியம்மாவுக்கு ஆள் மாறியது கைக்குத் தெரியவில்லை. இரண்டாவது அடியே அவன் விரல் முட்டியில் விழுந்தது.

"நல்லா ஆடறீங்க தம்பி! அடுத்த வாரமும் வந்துடுங்க."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த வீட்டில் நிம்மதியாக ஓய்வெடுப்பது பீரோ ஒன்றுதான்.