ஹம்ப் அங்கிளும் நீல டப்பா ஷாக்கும்

பெங்களூரில் எத்தனை ரோடு ஹம்ப் இருக்கிறது என்று ரோடு போடுகிறவர்களுக்கே தெரியாது. எங்கள் ஹம்ப் அங்கிளுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் நலம் விசாரிக்கிற அளவுக்குத் தெரியும். மற்ற ஊர்களில் வேகத்தடை என்கிறார்களே, அதைத்தான் நாங்கள் ஹம்ப் என்கிறோம். காக்ஸ் டவுனில் எனக்கு எதிர் வீடு அவர். கோயிலில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லிக் கேட்டால் தெருவில் யாரும் வீடு காட்டமாட்டார்கள்.

அவரிடம் பாசிப்பயறு நிறத்தில் ஒரு பழைய கார். குலுக்கலைத் தாங்க வேண்டிய அதன் ஷாக்கப்சர்கள் எந்தக் காலத்தில் செத்தனவோ, யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. ஹம்பில் ஏறினால் கார் நம்மை ஒரு தடவை தூக்கிப் போடும். பிறகு கொஞ்சம் யோசித்து, போதாது என்று இன்னொரு தடவை போடும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு அதில்தான் போவோம். முன்னால் அவரும் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும், பின்னால் நானும் ரிட்டயரான கணக்கு டீச்சரம்மாவும்.

ஹம்ப் வருவதற்கு முன்னால் அங்கிள் "ஹம்ப்!" என்று ஒரு சத்தம் போடுவார். உடனே எல்லோரும் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு சீட்டைவிட்டு ஒரு சாண் எழும்பிவிடுவோம். கார் குதித்து முடித்ததும் உட்காருவோம். இதற்காகப் பேச்சு நிற்காது. டீச்சரம்மா மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே எழும்பி, சொல்லிக்கொண்டே உட்காருவார்.

புதிதாக வந்த ஃபாதருக்கு ஒரு நாள் லிஃப்ட் கொடுத்தார். பாவம், அவருக்கு நம் பழக்கம் தெரியாது. அங்கிள் "ஹம்ப்!" என்றதும் நாங்கள் எல்லோரும் எழும்பினோம். ஃபாதர் மரியாதைக்கு எழும்புகிறோம் என்று நினைத்து, "பரவாயில்ல, உக்காருங்க, உக்காருங்க" என்றார். அடுத்த நொடி அவர் தலை கூரையில் இடித்தது. "ஆண்டவரே!" என்று கத்தினார். அத்தனை உருக்கமாக அவர் பூசையில்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஸ்டெல்லா அக்கா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் வெடிப்பு. வாரக்கணக்கில் படுக்கை. கொஞ்சம் தேறி எழுந்து உட்கார்ந்த நேரம், பொம்மனஹள்ளியில் இருக்கிற மகளுடைய குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. முதல் பேத்தி. டாக்டரிடம் கேட்டால், "போகலாம். ஆனா ஒரு தடவைகூடத் தூக்கிப் போடக் கூடாது" என்றுவிட்டார். பொம்மனஹள்ளிக்குப் போகிற ஓசூர் ரோட்டில், தூக்கிப் போடாமல்!

"ஆம்புலன்ஸ் பேசலாம் ஸ்டெல்லா" என்றார் அங்கிள்.

"பேத்தி ஞானஸ்நானத்துக்கு நான் ஆம்புலன்ஸ்ல போய் இறங்கணுமா? பாக்கிறவங்க எனக்குக் கடைசி பூசைன்னு நெனைப்பாங்க."

"அப்ப டாக்ஸி?"

"செக்கப்புக்கு டாக்ஸியில போனமே, அவன் போனைப் பாத்துக்கினே ஹம்புல வுட்டான் பாரு, அதுவே போதும். நம்ப வண்டின்னா வர்றேன். இல்லன்னா போட்டோவுல பாத்துக்கறேன்."

போட்டோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அங்கிள் ஷாக் மாற்றக் கிளம்பிவிட்டார்.

புடவை எடுக்கப் போனால் நான் கடையையே கலைத்துவிடுவேன் என்று என் மருமகள் சொல்வாள். அங்கிள் ஷாக் எடுத்ததை அவள் பார்க்கவில்லை. மெக்கானிக் பாஷா பாய் கடையில் ஷாக்கை மேஜைமேல் நிமிர்த்தி வைத்து, அதன் தலையில் தன் தொப்பையை வைத்துச் சாய்ந்தார். மெதுவாக இறங்குகிறதா என்று பார்க்கிறாராம். பஞ்சருக்கு வந்தவர், பெட்ரோல் கேனோடு நின்றவர், எல்லோரையும் கூப்பிட்டு, "சார், நீங்க கொஞ்சம் சாஞ்சு பாருங்க" என்றார். என்னையும் கூப்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

பூசை நேரத்தில் நடந்ததுதான் அதைவிட அநியாயம். பிரசங்கம் நடக்கும்போது வெளியே நழுவி, நிறுத்தியிருந்த கார்களை எல்லாம் வரிசையாக முன்பக்கம் அமுக்கி அமுக்கி விட்டிருக்கிறார். அமுக்கிவிட்டால் எத்தனை தடவை ஆடி நிற்கிறதோ, அதை வைத்து ஷாக் நல்லதா கெட்டதா என்று தெரியுமாம். ஒரு பெரிய கார் அலற ஆரம்பித்துவிட்டது. அதன் சொந்தக்காரர் பதறி ஓடி வந்தார், பின்னால் நானும். கன்னடக்காரர். என்ன செய்கிறீர்கள் என்று கன்னடத்தில் அதட்டினார்.

"ஏன்ரீ, ஏனு மாட்தா இதீரா?"

அங்கிள் துளி அசையவில்லை. "சார், நிம்ம காடி பஹள சென்னாகிதே. ஒரே ஆட்டத்துல நின்னுடுச்சு. யாவ ஷாக்?" உங்கள் வண்டி ரொம்ப நன்றாக இருக்கிறது, என்ன ஷாக் என்று கேட்கிறாராம்!

நான் ஜெபமாலையை முகத்துக்கு நேரே பிடித்து, இந்த மனிதரை எனக்குத் தெரியாதது போல நின்றுகொண்டேன்.

கடைசியில் இரண்டு வகை மிஞ்சியது. எனக்கு எழுத்து தெரியாது, டப்பா நிறம்தான் தெரியும். சிவப்பு டப்பா, நீல டப்பா.

"அங்கிள், இது கேஸ் ஷாக்கு" என்று சிவப்பைக் காட்டினார் பாஷா பாய். "டைட்டா இருக்கும், வண்டி ஆடாது. நீலம் ஆயில் ஷாக்கு, சாஃப்ட்டு. பழைய வண்டிக்கு எது ஒத்துக்கும்னு மாட்டி உக்காந்து பாத்தாத்தான் தெரியும். நாலு சக்கரத்துக்கும் மாத்திடலாம்."

"மாட்டு பாய். உக்காந்து பாக்கத்தான் ஆளுங்க இருக்காங்களே."

அந்த ஆட்கள் நானும் டீச்சரம்மாவும். நீலத்தை மாட்டிப் போய் வந்தோம்.

"எப்டி கீது தங்கச்சி?" என்று அங்கிள் என்னைக் கேட்டார்.

"முன்ன மாதிரியேதான் கீதுண்ணா."

சிவப்பை மாட்டிப் போய் வந்தோம்.

"டீச்சரம்மா?"

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல அங்கிள்."

மறுபடி நீலம். மறுபடி சிவப்பு. வித்தியாசமே இல்லை. பாஷா பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே அல்லா, கல்லும் பஞ்சும் ஒண்ணுன்னு சொல்றாங்களே!" ஞானஸ்நானம் வரும் ஞாயிறு. அங்கிளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரே சரியில்லை, மகளிடம் வரமுடியாது என்று சொல்லிவிடுகிறேன் என்றார்.

அன்றைக்குக் கடைசியாக ஒரு தடவை என்று எங்கள் வீட்டு வாசலில் இருக்கிற ஹம்பிலேயே ஏற்றி இறக்கினார். இறங்கி அவர் வீட்டுக்குள் போனால், ஜன்னல் ஓரக் கட்டிலில் ஸ்டெல்லா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர். முதுகு போயிற்று என்று எனக்குப் பகீரென்றது. பார்த்தால், சிரிப்பு! விழுந்ததிலிருந்து அவர் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை.

"ஐயோ, சிரிச்சா வலிக்குது, சிரிக்க வெக்காதீங்க" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். "ஜன்னல்ல பாத்தேன். ஹம்பு வந்ததும் மூணு தலையும் ஒண்ணா மேல போவுது, ஒண்ணா கீழ வருது. சீட்டுல எவனாவது உக்காந்திருந்தாத்தானே ஷாக்கு நல்லதா கெட்டதான்னு தெரியும்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாள் ஒரு ஹம்பிலும் நாங்கள் உட்கார்ந்திருக்கவே இல்லை!

இனி எழும்பக் கூடாது என்று தீர்மானம் போட்டுக்கொண்டு ஏறினோம். நடக்கவில்லை. அங்கிள் "ஹம்ப்!" என்பார், எங்கள் உடம்பு எங்களைக் கேட்காமல் எழும்பும். "நான் எழுந்துக்கல தங்கச்சி, காலு தானா எழுந்துக்குது" என்று டீச்சரம்மா அழாத குறை. சத்தம் போடாதீர்கள் என்று அங்கிளிடம் சொன்னோம். அவரால் முடியவில்லை. மூச்சை அடக்கச் சொன்னால்கூட அடக்கிவிடுவார்.

டீச்சரம்மாதான் வழி கண்டுபிடித்தார். பேக்கரியில் வண்டியை நிறுத்தி மிளகாய் போட்ட ஒரு காரா பன் வாங்கி, அதை அப்படியே முழுசாக அங்கிள் வாயில் திணித்தார். "முழுங்காதீங்க. அப்டியே வெச்சுக்கினு ஓட்டுங்க." பிறகு எங்களுக்குப் பழக்கமில்லாத தெருக்களாகப் பார்த்துப் போகச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டோம்.

அப்போது மாட்டியிருந்தது சிவப்பு. முதல் ஹம்பிலேயே என் பல்செட் இடம் மாறியது. டீச்சரம்மாவின் கண்ணாடி என் மடியில் விழுந்தது. இந்த வண்டியிலா ஸ்டெல்லா அக்காவை ஏற்ற இருந்தோம்! நேராக பாஷா பாய் கடை. நீலம் மாட்டினோம். மறுபடி பன், மறுபடி கண்ணை மூடல். கார் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது.

"அண்ணா, இன்னும் ஹம்பே வரலியா?" என்று கண்ணைத் திறந்தேன்.

வாய் நிறைய பன்னோடு அங்கிள் திரும்பி மூன்று விரலைக் காட்டினார். மூன்று ஹம்ப் தாண்டியிருந்தோம்! டீச்சரம்மா, "அட இயேசுவே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அங்கிளுக்குக் கண் கலங்கியது. பன்னில் மிளகாய் தூக்கல் என்று பிறகு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா அக்காவைத் தலையணைகளுக்கு நடுவே முன் சீட்டில் உட்காரவைத்தோம். ஓசூர் ரோட்டில் டிராஃபிக் நின்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அன்று எங்கள் அங்கிள்தான். எல்லா ஹம்புக்கும் ஊர்ந்தார். ஆனால் பொம்மனஹள்ளிக்குள் திரும்பியதும், யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவைத்த புது ஹம்ப் ஒன்று, வெள்ளைக்கோடுகூட இல்லாமல் படுத்திருந்தது. அவர் பார்க்கவில்லை. சத்தம் போடவில்லை. கார் ஏறி இறங்கிவிட்டது.

அங்கிள் ஓரமாக நிறுத்தினார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஸ்டெல்லா... வலிக்குதா?"

"எது?"

"இப்ப ஒரு ஹம்பு போச்சே."

"போச்சா? நான் பாப்பாவுக்கு வாங்கின கொலுசை எங்க வெச்சேன்னு யோசிச்சுக்கினு இருந்தேன். வண்டிய எடுங்க, லேட்டாவுது."

கோயிலில் தலையில் தண்ணீர் பட்டதும் பேத்தி ஊரைக் கூட்டி அழுதாள். ஸ்டெல்லா அக்கா மடிக்கு வந்ததும்தான் வாயை மூடினாள். மடி என்றால் நிஜ மடி, போட்டோ இல்லை. அங்கிள் உள்ளே இல்லை. வெளியே வந்து பார்த்தேன். காருக்குப் பக்கத்தில் குனிந்து, டயருக்கு மேலே கையை விட்டு அந்த ஷாக்கைத் தடவிக்கொண்டிருந்தார். மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

திரும்பும்போது சாயங்காலம். பாதி வழியிலேயே ஸ்டெல்லா அக்கா தூங்கிவிட்டார். படுக்கையில் வலியோடு புரண்டுகொண்டிருந்தவர், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி தூங்கினார். எங்கள் தெரு வந்தது. வீட்டு வாசல் வந்தது. கார் நிற்கவில்லை.

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். அங்கிள் தூங்குகிற அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு, தெருமுனையில் மெதுவாகத் திருப்பி, இன்னொரு சுற்று போனார். பிறகு இன்னொன்று. வீட்டில் எனக்கு உலை வைக்கிற வேலை கிடந்தது. இருட்டுகிற வரைக்கும் நாங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.