புக்கிட் மேராவில் பூச்சிகள் நலம்

சேசு மரி சூசை துணை

புக்கிட் மேரா
8-11-1988

அன்பு மகன் சவரிராஜுக்கு அப்பா இஞ்ஞாசி ஆசீர்வதித்து எழுதுவது. நீ முதலில் எதைக் கேட்பாய் என்று தெரியும். மான்செஸ்டருக்குப் படிக்கப் போகும்போது ஹாலில் ஓடவிட்டுப் போன கம்ப்யூட்டர் நலம். அதன் திரையில் ஊரும் உன் புரோகிராம் பூச்சிகளும் நலம். நானும் இருக்கிறேன்.

திரையில் இடப் பக்கப் பூச்சிகள் எதையும் கற்காமல், பிறந்த குணத்தோடே சுவரில் முட்டி, பட்டினி கிடந்து ஒழிந்தன. வலப் பக்கத்தவை, தலைமுறைக்கு நூறு, தட்டித் தடவிக் கற்றுக்கொள்கின்றன. அப்பன் கற்றது பிள்ளைக்கு அப்படியே போகாது என்று நீ சொன்னபோது சுருக்கென்றது. இருபது வருடம் உனக்குச் சொல்லிப் பார்த்தவன் என்பதால் ஒப்புக்கொண்டேன். ஆனால் கற்றுக்கொண்டதுதான் பிழைத்துப் பிள்ளை பெறுகிறது, அதிலும் பாதி தெரிந்தே பிறந்தது சீக்கிரம் கற்கிறது, அப்படியே தலைமுறை தலைமுறையாகப் போய், இப்போது நூற்றுத் தொண்ணூறாம் தலைமுறைக் குஞ்சு பிறந்ததும் நேரே சாப்பாட்டுப் பக்கம் நடக்கிறது. உன் அம்மா போன பிறகு அறுபத்தாறு வயதில் சோறாக்கக் கற்ற எனக்குப் பொறாமையாக இருக்கிறது. முதல் மாதம் கஞ்சி, அடுத்த மாதம் கரி, இப்போது சோறு. நன்றாயிருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

இது ஆன்மாக்கள் மாதம் அல்லவா, கோயிலில் இறந்தவர் பெயர் எழுத உறை கொடுத்தார்கள். அம்மா பெயருக்குக் கீழே "வலப் பக்கத்தார் 14,000 பேர்" என்று எழுதிவிட்டேன். பூசை முடிந்ததும் சாமியார் ஓரமாகக் கூப்பிட்டு, "வீட்டுல தனியாவா இருக்கீங்க, இஞ்ஞாசி?" என்றார். இல்லை சாமி, நூற்றியொரு பேர் இருக்கிறோம் என்றேன். அன்று சாயங்காலமே மரியாயின் சேனை பக்த சபையிலிருந்து இரண்டு பேர் பிஸ்கட்டோடு வந்து ஜெபமாலை சொல்லிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு மலாய்ப் பெண் ருக்கையா, உள்ளே யாரோடு பேசுகிறீர்கள் அங்கிள் என்று கேட்டாள். பூச்சிகளோடு என்றேன். மறுநாள் மருந்தடிக்கும் டப்பாவோடு வந்து நிற்கிறாள்.

எனக்கு இந்தத் தொல்லை போதும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நீ போனில் தலைமுறை நம்பர் கேட்பதும், நான் சொல்வதும், நீ எழுதிக்கொண்டு வைத்துவிடுவதும் இன்னும் எத்தனை நாள்? கிறிஸ்துமஸுக்கு வந்து பெட்டியை எடுத்துப் போ. இல்லையென்றால் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட்டுவிடுவேன்.

கம்பளி போட்டுக்கொள். தேவமாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் அப்பா
இஞ்ஞாசி

பி.கு.: ஆறு வாரத்துக்கு முன் ரைஸ் குக்கரைச் சொருக உன் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பூச்சிகள் எல்லாம் அன்றே போய்விட்டன. அதனால்தான் அந்த உறை. நூற்று நாற்பது தலைமுறை வரை நான் கண்ணால் பார்த்தது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் சொன்ன நம்பரெல்லாம் நானே இட்டுக்கட்டியது. நம்பர் இல்லை என்று சொல்லியிருந்தால், போனில் நீ என்னிடம் வேறு எதைக் கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை.