எவம் போட்ட சட்டம்?

ஒலகத்துல சட்டம்னு ஒண்ண உண்டாக்கினதே எங்க எவம்போட்டாரு அத எதுத்துக் கேக்கதுக்குத்தான். சுசீந்திரம் பக்கம் எங்க ஊருல அவருக்குச் சொந்தப் பேரும் ஒண்ணு உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டுந்தான் தெரியும். எதச் சொன்னாலும் "எவம் போட்ட சட்டம்வே?"ம்பாரு. அதே பேராயிட்டு.

ஒருநாள் ஜங்ஷன்ல போலீஸ்காரரு அவரு பைக்க மறிச்சாரு. "ஹெல்மெட் எங்கவே?"

"எவம் போட்ட சட்டம்?"

"கவர்மெண்டு."

"எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டாவளா?"

"ஒம்மட்ட எதுக்கு வே கேக்கணும்?"

"தல என்னோடதுல்லா?"

பின்னால இருந்த என்னையும் சேத்து வெயில்ல நிப்பாட்டிட்டாவ. எனக்குக் கேள்வி கேக்கத் தெரியாது. பெஞ்சாதி போடுத சட்டத்துக்கே முழுசாக் கேக்காமத் தலையாட்டுதவன் நான்.

கல்யாணப் பந்தின்னா பருப்பு, சாம்பாரு, புளிசேரி, ரசம், அதுக்குப் பொறவுதான் பாயசம். மாத்தினா நாஞ்சில் நாடே இடிஞ்சு விழும். இவரு எலையப் போட்டதும், "பாயசத்தக் கொண்டா மக்கா. கடைசிலதான்னு எவம் போட்ட சட்டம்?" வெளம்புதவன் பயந்து ஊத்திட்டான். நாங்க எல்லாரும் எச்சி முழுங்கிக்கிட்டுப் பருப்பப் பெசஞ்சோம்.

ஒரு வருசம் மழை ஏமாத்திட்டு. வாய்க்கால்ல முழங்கால் தண்ணிகூட இல்ல. புளியமரத்து மூட்டுல கூட்டம் போட்டு, கடைசி வயலுக்கு மொதத் தண்ணி, மேல உள்ளவன் பொறவுன்னு பேசினோம். இவரு வயலு மொத மடையில. கடைசி வயலு இவரு மச்சினனுக்கு. ரெண்டுவேரும் ஒரு கல்யாண வீட்டுச் சண்டைல பேச்ச விட்டவ்வொ.

"எவம் போட்ட சட்டம்?"னு இவரு எழும்பிட்டாரு.

மச்சினன் மரத்தப் பாத்துச் சொன்னாரு: "இன்னும் போடல்ல. அவரும் கை தூக்கினாத்தான் சட்டம்."

எவம்போட்டாருட்ட இதுக்கு முன்ன யாரும் அப்படிச் சொன்னதேயில்ல. மெல்லக் கையத் தூக்கினாரு.

பொறவு கொடயப் பிடிச்சுக்கிட்டு மடையிலயே காவல். நெல்லு கதிரு வாங்குத நேரம். தண்ணி அவரு வரப்ப ஒரசிக்கிட்டுக் கீழ போவுது, அவரு வயலு வெடிச்சுக் கெடக்கு. அடுத்த வயலு எனக்குள்ளது. கசிவுத் தண்ணியாவது கிட்டுமேன்னு ஒரு நப்பாசை.

"அண்ணாச்சி, ஒரு மணிக்கூரு தொறந்து விடும். எல்லாம் பதராப் போயிரும். தொறக்கப்பிடாதுன்னு எவம் போட்ட சட்டம்?"

என்ன ஏற எறங்கப் பாத்தாரு. "நான் போட்டதுல்லா மக்கா."

அவரு முறை வந்தப்ப பாதிக் கதிரு பதரு. மச்சினன் வயலு தப்பிச்சு. அறுப்பு முடிஞ்ச அன்னைக்கு மச்சினன் வீட்டுலருந்து இவரு வீட்டுக்கு ஒரு தூக்குவாளி வந்து. பாயசம். சோத்துக்கு முன்னாலயே.

போன தை மாசம் எவம்போட்டாரு போய்ச் சேந்துட்டாரு. இந்த வருசமும் புளியமூட்டுல தண்ணி முறை பேசினோம். பேசி முடிஞ்சும் ஒரு கையும் எழும்பல்ல. எல்லாரும் அவரு எப்பவும் இருக்கப்பட்ட புளிய வேரையே பாத்துக்கிட்டு இருந்தோம். கடைசில மச்சினன் எழும்பி, தொண்டையக் கனச்சுக்கிட்டு, "எவம் போட்ட சட்டம்வே?"ன்னு கேட்டாரு.

அதுக்குப் பொறவுதான் எங்களுக்குக் கை எழும்பிச்சு.