எண்பதிலிருந்து இருபதுக்கு

"நிறுத்தக் கூடாது! வாயைத் திறக்காதே!" என்று அப்பா கத்தினார். எதிரே சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கார் நிற்கவில்லை. சிக்னலுக்குப் பத்தடி முன்னால் சட்டென்று இடது பக்கச் சந்தில் புகுந்து, ஒரு குப்பைத் தொட்டியை மயிரிழையில் தப்பி, சுற்றிக்கொண்டு மறுபடி அகலச் சாலையில் ஏறியது. பக்கத்து சீட்டில் சின்னவள் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது.

"அப்பா, மணி பன்னண்டு. ஒரு மணிக்கு ஆபீஸைப் பூட்டிடுவாங்க."

"தெரியும்."

"அக்கா வாசல்லயே நிக்கறா."

"நிக்கட்டும். அவளா பார்த்து முடிவு பண்ணினவதானே, அவளா நிக்கட்டும்."

இன்று பெரியவளுக்குப் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை பல் டாக்டர். அவளே தேடிக்கொண்ட மாப்பிள்ளை. நாலு மாதம் வீடு அதிரக் கத்திய அப்பா, போன வாரம்தான் "சரி, வந்து தொலைக்கிறேன், சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்" என்றார். பெரியவள் நம்பவில்லை.

"அவர் போடலைன்னா அந்த இடத்துல வேற யாரும் போட வேண்டாம். கல்யாணமும் வேண்டாம். நான் வீட்டுக்கும் வர மாட்டேன்."

"நான் கூட்டிட்டு வரேன் அக்கா, சத்தியமா" என்று வாக்குக் கொடுத்தவள் சின்னவள். அம்மாவும் பெரியவளும் டாக்ஸியில் முன்னாலேயே போய்விட்டார்கள். அப்பாவின் ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும்.

அந்தக் காருக்குப் பிரேக் மாற்ற அப்பாவுக்குக் கிடைத்தது இந்த வாரம்தான். பிரேக்கை அமுக்கினால் பேட் என்ற கட்டை போய்க் கவ்வும், சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுக்கு ரோட்டர் என்று பெயர். அதில் மூன்று தினுசு: சாதா, கோடு கிழித்தது, துளை போட்டது. எதை வாங்குவது என்று சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரு சண்டை. மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். போனில் வந்து, "மாமா, நீங்க என்ன ரேஸுக்கா போறீங்க? சாதாவே போதும். துளை போட்டது சூடேறினா விரிசல் விடும்" என்றான்.

"ஓட்டையை அடைக்கிறதையே பொழப்பா வெச்சிருக்கறவன்கிட்ட கேட்டா வேற என்ன சொல்வான்?" என்று சீறிய அப்பா, நேரே கடைக்குப் போய்த் துளை போட்டதற்குப் பணம் கட்டிவிட்டு வந்தார். அப்புறம் மூன்று நாளும் ஷெட்டின் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு வேலை. சுத்தியல் சத்தம், நடுநடுவே வசவு. ராத்திரி வெளியே வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். அம்மா கேட்டால், "பிரேக் தூசி" என்பார்.

இன்று காலை கிளம்பும்போதுதான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"புதுப் பேட்டு, புது ரோட்டர். ரெண்டையும் பழக்கணும். எண்பது கிலோமீட்டர் வேகத்துல போய், இருபதுக்கு இறங்கற வரைக்கும் பிரேக்கை அமுக்கணும். பத்து தடவை. நடுவுல வண்டி நின்னுதோ, அந்தச் சூட்டுல பேட்டு ஒரே இடத்துல ஒட்டிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் ஸ்டியரிங் உதறும்."

"நாளைக்குப் பழக்கக் கூடாதா?"

"கல்யாணத்தை நாளைக்கு வெச்சிருக்கக் கூடாதா?"

இதோ, பதிவு அலுவலக வாசல் வந்தது. கார் இருபதுக்கு இறங்கியது. அம்மா கைப்பையை ஆட்டிக்கொண்டே படியில் ஓடி வந்தாள். கார் உறுமிக்கொண்டு பறந்தது. கைப்பை மட்டும் கண்ணாடியில் கொஞ்ச நேரம் தெரிந்தது.

"நாலு" என்றார் அப்பா.

சின்னவள் யோசித்தாள். எண்ணிக்கைதானே? அடுத்த சுற்றில் அவளே உரக்க எண்ணத் தொடங்கினாள். "அஞ்சு... ஆறு... ஏழு... பத்து!"

"எட்டும் ஒன்பதும் எங்கடி போச்சு?"

"நீங்க கத்திட்டிருந்தீங்கப்பா, கவனிக்கலை."

"என்னையே ஏமாத்தறியா? முதல்லேர்ந்து! ஒண்ணு!"

பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தது பெரியவள்.

"அப்பா, உங்களுக்கு நான் முக்கியமா, இல்ல அந்தத் தகர டப்பா முக்கியமா?"

"எதைடி டப்பாங்கறே? உன்னை ஆஸ்பத்திரியிலேர்ந்து தூக்கிட்டு வந்த காருடி இது!"

"அப்ப அதையே கட்டிக்கிட்டு அழுங்க!"

ஆத்திரத்தில் அப்பாவின் கால் பிரேக்கில் விழுந்தது. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு.

"எண்பதையே தொடலை, இது கணக்குல சேராது. முதல்லேர்ந்து!"

மணி பன்னிரண்டு இருபது. கடைசி வழியாகச் சின்னவள் மாப்பிள்ளைக்குச் செய்தி தட்டினாள்: "வாசல்ல வரும்போது வேகம் இருபதுதான். ஓடி வாங்க. பேசிப் பாருங்க."

வந்தான். புதுக் கோட்டும் பளபளக்கும் ஷூவுமாக, காருக்குப் பக்கத்தில் ஓடினான்.

"மாமா! மாமா!"

"யாருக்குடா மாமா? கண்ணாடியைத் தொடாதே, ரேகை விழும்!"

"அவளை... நல்லா... பாத்துக்குவேன் மாமா!"

"எதுவரைக்கும்?"

"கடைசி வரைக்கும்!"

"முதல்ல அந்தக் கம்பம் வரைக்கும் ஓடு, பார்ப்போம்."

கம்பம் வரை ஓடினான். அதையும் தாண்டி ஓடினான். ஒரு ஷூ கழன்று சாக்கடைப் பக்கம் போனது. அதற்கும் நிற்கவில்லை. அப்பா கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூச்சுப் பத்தலை" என்று முணுமுணுத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

ஒருவழியாகப் பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு, "பத்து!" என்றார்.

சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப நேரா வாசல்ல நிறுத்துங்கப்பா."

"நிறுத்தறதா? இப்பத்தான் ஆறணும். பிரேக்கையே தொடாம இருபது நிமிஷம் ஓட்டணும்."

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த பயம் முழுதும் கோபமாகப் பொங்கி வந்தது.

"இருபது நிமிஷமா? பன்னண்டு நிமிஷம்தான் இருக்கு! அக்கா என்னைத்தானே நம்பினா! உங்களை யார் நம்பினா? இனிமே அவ வீட்டுக்கு வரலைன்னா, அந்தச் சனியன் பிடிச்ச ரோட்டரையே கட்டிலுக்குப் பக்கத்துல படுக்க வெச்சுக்கோங்க!"

அப்பாவை எதிர்த்து அவள் இப்படிப் பேசியதே இல்லை. வாசல் வந்தது. சின்னவள் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள்.

கார் கிறீச்சிட்டுக் குறுக்கே திரும்பி நின்றது. எஞ்சின் அணைந்தது. ரப்பர் கருகிய வாடை.

"போச்சு" என்றார் அப்பா. "ரோட்டர் போச்சு."

ஆனால் அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. படியில் ஒரு கையில் பூங்கொத்தும் மறு கையில் மாப்பிள்ளையின் ஒற்றை ஷூவுமாகப் பெரியவள் நின்றிருந்தாள்.

மாப்பிள்ளை இரைக்க இரைக்க வந்து கதவைத் திறந்தான். "வாங்க மாமா."

"முதல்ல தண்ணியைக் குடிடா. செத்துக்கித்துத் தொலைக்காதே."

உள்ளே போன மனிதர் எழுத்தரையும் விடவில்லை. "ஆபீஸுன்னா ஒரு உருப்படியான பேனா இருக்க வேண்டாமா?" என்று அவர் கத்தியது வெளியே காரில் உட்கார்ந்திருந்த சின்னவளுக்குக் கேட்டது. பிறகு ஜன்னல் வழியாக அம்மா மூக்கை உறிஞ்சும் ஓசை. பன்னிரண்டு ஐம்பத்தாறு. போட்டுவிட்டார்.

சின்னவள் இப்போதுதான் ஹேண்ட் பிரேக்கைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் மூன்று நாள் வேலை. ஒரே இழுப்பில் பாழ். வெளியே வந்ததும் தோலை உரித்துவிடுவார்.

சீட்டில் கிடந்த அப்பாவின் போன் அடித்தது. உதிரிபாகக் கடைக்காரர். பயந்துகொண்டே எடுத்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். சூடா இருக்கறப்ப வண்டி நின்னுட்டா, புது ரோட்டர் நிஜமாவே கெட்டுப்போயிடுமா?"

"எந்தப் புது ரோட்டர்மா? உங்கப்பா பணம் கட்டின பேட்டும் ரோட்டரும் மூணு நாளா என் கல்லாப் பக்கத்துலதான் கிடக்கு, வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லத்தானே கூப்பிட்டேன்!"