அறுபது லிட்டரில் கட்டில் மிதக்குமா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். உங்கள் அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்.

அவள் சாயங்காலக் கல்லூரியில் இலக்கியம் படிப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சிறுகதையை ஆராய்ந்து கட்டுரை கொடுத்தால்தான் பரீட்சை எழுத விடுவார்களாம். டாக்டரோ மூன்று வாரம் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார். ஆக, வாசித்துக் காட்டி, அவள் சொல்லச் சொல்ல எழுதுவது என் தலையில் விழுந்தது. குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம் குழாய் மாட்டியவன் நான். "அடைப்பு நீக்கப்பட்டது" என்பதற்கு மேல் ஒரு வரி எழுதியதில்லை.

கதை என்னன்னா, ஒரு வீட்டுல புருஷன் கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு "தண்ணி கொண்டா"ன்னு கத்துறான். அவன் கத்துற ஒவ்வொரு தடவையும் பொண்டாட்டி உடம்புல கொஞ்சம் தண்ணியாயிடுது. முதல்ல விரல், அப்புறம் ஜடை, கடைசியில முழு ஆளும் ஆறாகி வாசலைத் தாண்டி ஓடிடுறா. அவன் கட்டிலோட மிதந்துக்கிட்டு அப்பவும் "தண்ணி கொண்டா"ங்கிறான்! உங்க அக்கா சொல்றா: "எழுதுங்க. ஆற்றைப் பெண்ணாக்கிக் கும்பிடுவது பழைய புராணம். இங்கே பெண் தானே ஆறாகி வெளியேறுகிறாள். வாசற்படி என்பது குறியீடு." நான் சொன்னேன், "வாசப்படின்னா வாசப்படிதான். அது கிடக்கட்டும், அறுபது கிலோ பொம்பளை முழுசாக் கரைஞ்சாலும் அறுபது லிட்டர்தான். அதுல கட்டில் எப்படி மிதக்கும்? மீதித் தண்ணி எந்த லைன்ல வந்துச்சு?" அதுக்கு அவ, "கட்டுரை என்னுது, கணக்கு உங்களுது. பேசாம எழுதுங்க"ன்னுட்டா. எனக்கு மனசு கேட்கலை. கேள்வியை ஓரத்துல பென்சில்ல குறிச்சு வச்சேன்.

நாலாம் நாள், வாசிச்சு வாசிச்சுத் தொண்டை வறண்டு போச்சு. பழக்க தோஷம், "கொஞ்சம் தண்ணி கொண்டா"ன்னுட்டேன். அவளும் பழக்க தோஷத்துல எழுந்து, சுவரைத் தடவித் தடவிச் சமையக்கட்டுக்குப் போறா, மாப்பிள்ளை! கண்ணு தெரியாதவளை அனுப்பிட்டு, கண்ணு தெரிஞ்ச நான் நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். ஓடிப்போய்க் கையைப் பிடிச்சேன். "என்னாச்சு?"ன்னா. "ஒண்ணுமில்லை, உட்காரு, நான் மொண்டுக்கிறேன்"ன்னேன். டம்ளர் எங்கே இருக்குன்னு அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. முப்பத்தஞ்சு வருஷக் குடித்தனம்! திரும்பி வந்து, பென்சில் கேள்விக்குக் கீழேயே பதிலை எழுதினேன்: "மீதித் தண்ணி, அவளுக்கு முன்னாடி அந்த வீட்டில் தண்ணி சுமந்தவர்கள் எல்லாருடையதும்."

அழிக்க மறந்துட்டேன். கட்டுரை அப்படியே போயிடுச்சு. பேராசிரியை அம்மா அந்த ஓரக் குறிப்பை வகுப்பு முழுக்கக் கேட்கப் படிச்சு, "இது யார் கையெழுத்து?"ன்னு கேட்டாங்களாம். "வீட்டுல ஒரு குமாஸ்தா வச்சிருக்கேன்"ன்னு உங்க அக்கா சொன்னாளாம். பரீட்சைக்கு அனுமதி கிடைச்சுடுச்சு. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, கல்யாணமான புதுசுல கேட்டது. ஆனா அந்தப் பேராசிரியை என்னையும் வகுப்பில் சேரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதெல்லாம் நடக்காது. இந்த வயதில் இலக்கியத்துக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நீங்களே அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லாரும் நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: அக்காவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நாளை சாயங்காலம் எனக்கு முதல் வகுப்பு. கடைசி பெஞ்சில் உட்கார வேண்டுமாம், அவளைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாதாம்.